நாற்காலி ஓடினால்

“இன்னொரு தடவை பாருடா.”

“பார்த்துட்டேன்க்கா. காட்டலை.”

தஸ்லிமா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி ஹாலித் தரையில் இருந்தான். அவன் முன்னால் திரையும் கீபோர்டும் மாட்டிய, சீட்டுக்கட்டு அளவிலான ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். அதிலிருந்து ஒரு ஒயர் புரோகிராமருக்குப் போனது. கம்ப்யூட்டரில் எழுதியதைச் சிப்புக்குள் ஏற்றிவிடும் சின்னப் பலகை அது. அங்கிருந்து ஆறு மெல்லிய கம்பிகள் நாற்காலிக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் நுழைந்தன.

மோட்டார் மாட்டியாகிவிட்டது. பேட்டரியும் மாட்டியாகிவிட்டது. சிப்பில் புரோகிராம் ஏறிவிட்டால் நாற்காலி தானாக ஓடும். தெருமுனைத் தையல்கடைக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போக யாரும் வேண்டாம்.

ஓசூரில் ஹாலித்துக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். வீட்டில் இருப்பது அவர்கள் இருவர்தான். நாற்காலி ஓடினால் போகிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். ஓட வை என்று அவள் சொல்லியிருந்தாள்.

இன்று சனிக்கிழமை.

“லைட் எரியுதே?”

“எரியுது. கரண்ட் வருது. ஆனா கம்ப்யூட்டருக்கு அது இருக்கறதே தெரியலை.”

“அப்ப?”

“பர்மிஷன் இல்லாம இருக்கும். குடுத்துப் பார்க்கறேன்.”

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். “வந்திருக்கறதே தெரியாத ஆளுக்கு எதுக்குடா பர்மிஷன்?”

ஹாலித் பர்மிஷன் கொடுத்தான். சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். கம்பிகளைப் பிடுங்கி ஒவ்வொன்றாகச் சொருகினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். திரையில் அதே பதில். எதுவும் இணைக்கப்படவில்லை.

“விடுக்கா. ஓசூர் எங்க போயிடப் போவுது? அடுத்த மாசம் வரச் சொல்லுவாங்க.”

“சொல்ல மாட்டாங்க.”

“சரி, ஓடுதுன்னே வெச்சுக்க. நடு ரோட்டுல நின்னுபோச்சுன்னா?”

“நின்னா நாலு பேரைக் கூப்பிடுவேன். கால்தான் வராது, வாய் நல்லாத்தான் இருக்கு. உன் ஃப்ரெண்ட் ஜெயக்குமார்கிட்ட இன்னொரு புரோகிராமர் இருக்குன்னு சொன்னே இல்ல?”

“ஸ்ரீரங்கம் போகணும்.”

“போ. நடுவுல கிடக்கறது காவிரிதான், கடல் இல்லை.”

“அவன் வீட்ல இருக்கானோ என்னமோ.”

“போன் பண்ணு. என் போன் சார்ஜ் இல்லாம செத்துக் கிடக்கு. இல்லேன்னா நானே பேசியிருப்பேன்.”

அவன் பேசினான். ஜெயக்குமார் வீட்டில்தான் இருந்தான்.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்போது ஹாலித் கிளம்பினான். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போய், சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் ஜெயக்குமாரின் புரோகிராமரோடு திரும்பிவிட்டான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“அங்க மாட்டிப் பார்த்தியா?”

“பார்த்தோம். அவன் கம்ப்யூட்டர்ல உடனே காட்டுச்சு.”

“அல்ஹம்துலில்லாஹ். சொருகு.”

சொருகினான். சிவப்பு லைட் எரிந்தது. தட்டினான். எதுவும் இணைக்கப்படவில்லை.

“பார்த்தியாக்கா? நம்ம நேரம். ஓசூருக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்.”

“போனைக் கீழ வை.”

வைத்தான்.

“ரெண்டு பலகையும் ஒரே நாள்ல கெட்டுப்போச்சா?”

“கம்ப்யூட்டர்ல சொருகற இடம் போயிருக்கும்.”

“கீபோர்டைப் பிடுங்கி அந்த இடத்துல சொருகு.”

சொருகினான்.

“ஏதாவது அடி.”

அடித்தான். திரையில் எழுத்து வந்தது.

தஸ்லிமா ஜாக்கெட்டை மடித்து ஓரமாக வைத்தாள். “சொருகற இடம் நல்லாருக்கு. கம்ப்யூட்டர் நல்லாருக்கு. புரோகிராமர் ஸ்ரீரங்கத்துல வேலை செஞ்சிருக்கு. இன்னும் என்னடா மிச்சம்?”

“ஒயர்தான். அதுதான் நல்லாருக்கே, லைட் எரியுதே.”

“குடு இங்க.”

“நான் பார்த்துட்டேன்க்கா.”

“குடுடா.”

கொடுத்தான். துணியின் ஓரம் பார்ப்பதுபோல் அவள் ஒயரை விரலிடுக்கில் வைத்து இழுத்துக்கொண்டே போனாள். ஒரு முனைக்கு அருகில் விரல் நின்றது. இஸ்திரிப்பெட்டி பட்டு உருகிய இடம்.

“இது என் போன் ஒயரு.”

ஹாலித் நாற்காலியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாம்பழக் கலர் ஜாக்கெட் போட்டோவை உன் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு அன்னிக்கு இதைத்தான் நீட்டினேன். ‘இது சார்ஜுக்கு மட்டும்தான்க்கா, வேற எதுவும் இதுல போகாது, லைட் எரியறதைப் பார்த்து ஏமாந்துடாதே’ன்னு சொன்னது யாரு?”

அவன் கீபோர்டைப் பிடுங்கினான்.

அவள் கையை நீட்டினாள். “நல்ல ஒயரைக் குடு.”

ஸ்ரீரங்கம் வரை போய்வந்த சட்டைப்பையிலிருந்து ஹாலித் அதை எடுத்தான்.