மேல் வரி

“பாதியையா கொடுத்தீங்க?”

“சும்மா கிடந்த பாதிதானே, மிருதுளா. உன் பக்கத்துல கை வைக்கவே இல்ல.” அகிலன் இட்லியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

வீட்டுக் கணினியின் சேமிப்பு இடத்தில் பாதியைப் பிரித்து, இரண்டாவதாக ஓர் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது அவனுடன் வேலை செய்யும் ரெஜினா. நேற்று மூன்று மணி நேரம் மிருதுளாவின் நாற்காலியில் உட்கார்ந்து அவனைச் சிரிக்க வைத்துக்கொண்டே போட்டாள். கல்யாணப் படங்களெல்லாம் பழைய பக்கத்தில் பத்திரமாக இருந்தன. புதிய பக்கத்தின் கடவுச்சொல்லை மிருதுளாவுக்கு யாரும் சொல்லவில்லை.

“ரெஜினா வந்தா நல்லாத்தான் சிரிக்கிறீங்க.”

“கம்ப்யூட்டர் மேலயுமா பொறாமை?” என்று கை கழுவிவிட்டுக் குளிக்கப் போனான்.

மிருதுளா கணினியைப் போட்டாள். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன. மேலே புதியது, கீழே பழையது. எதையும் தொடாமல் விட்டால் பத்து விநாடியில் அது தானாகவே மேல் வரிக்குள் போய்விடும். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் பார்த்திராத ஒரு மலை திரையில் விரிந்து கடவுச்சொல் கேட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் மலை. ஐந்தாவது முறை போட்டபோது தலையைத் துவட்டியபடி அகிலன் பின்னால் வந்து நின்றான்.

“கீழ் அம்பை அழுத்தினா உன் பக்கம் வந்துடும். அவ்வளவுதான்.”

“தெரியும்.” எண் ஆறு, ஐந்து என்று இறங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “நான் எதையும் அழுத்தாம இருந்தாலும் வர்ற மாதிரி, என்னை மேல வச்சிடுங்களேன்.”