காதோரச் சந்தனம்

அம்மாவின் மழித்த தலையில் முகம் புதைத்து ஹரிதா விம்மினாள். "எங்கம்மாவுக்கு ரத்தத்துல கேன்சர். ஆறு மாசம்னு டாக்டர் கெடு சொல்ட்டாரு."

கட்டிலில் கிடந்த செங்கம்மா மகளின் விரலைப் பற்றிக்கொண்டாள். "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசையா கீது, பாப்பா."

"கட்," என்ற ஹரிதா ஒரே இழுப்பில் கண்ணைத் துடைத்தாள். "சூப்பர்மா. ஆனா நான் ரத்தத்துலன்னு சொல்லிக்கினு இருக்கேன், உன் கை எதுக்கு மார்ல போயி நிக்குது?"

"தெரியாம வச்சிட்டேன். இதெல்லாம் வாயால சொல்லாத பாப்பா."

"ஊரே சொல்லிக்கினு கீதும்மா."

அதில் பொய்யில்லை. அந்த வாரம் 'அம்மாவின் கடைசி ஆசை' என்பதுதான் டிரெண்டு. போனைத் திறந்தால் அம்மாக்கள் வரிசையாகச் சாகக் கிடந்தார்கள். புத்தூரில் ஓர் அம்மா மட்டும் கல்லுப்போல் நடமாடிக்கொண்டிருப்பது 'ஹரிதா டைரீஸ்' சேனலுக்குப் பெருத்த அவமானமாக இருந்தது.

நல்லவேளையாக முந்தாநாள் செங்கம்மா தனியாகத் திருமலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்திருந்தாள். என்ன வேண்டுதல் என்று மகள் கேட்கவில்லை. எந்த ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக விழும் என்றுதான் பார்த்தாள்.

ரீல் ஒரே பகலில் மூன்று லட்சம் பேரை அழவைத்தது. சாயங்காலம் சந்திரகிரியிலிருந்து ஒரு புண்ணியவான் வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கி, செங்கம்மாவின் காதோரத்தில் சிவப்பு வட்டம் போட்டான்.

"மருந்துல முடி கொட்டுனா சந்தனம் பூசி அனுப்புவாங்களா? இது மலை மேல போட்ட மொட்டை, சாமி."

திருப்பதிக்காரர்களிடமே திருப்பதி மொட்டையை விற்கப் பார்த்தால் வேறென்ன நடக்கும்? அழுத மூன்று லட்சம் பேரும் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் காறித் துப்பினார்கள். 'பெத்தவள வித்துத் துன்றா' என்ற கமெண்டுக்கு மட்டும் நாற்பதாயிரம் லைக்.

"போச்சும்மா, எல்லாம் போச்சு." ஹரிதா தரையில் உட்கார்ந்து அழுதாள். "போலீசுல புகார் குடுக்கறாங்களாம். ரோட்டுல எப்படி நடப்பேன்? நான் செத்துப் போறேன்."

செங்கம்மா பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக் கவர் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இத போட்டுக் காட்டு. நீ பொய் சொல்லலன்னு தெரியட்டும்."

"இன்னாம்மா இது?"

"ரத்தத்துல இல்ல, மார்ல. சொன்னா நீ பயந்துக்குவன்னு மறைச்சேன். அடுத்த வாரத்துலேர்ந்து மருந்து ஏத்தணுமாம். எப்படியும் கொட்டப்போற முடி, சாமிக்காச்சும் குடுக்கலாம்னு போனேன்."

ஹரிதா தாளைப் பிரித்துப் படித்தாள். திரும்பவும் படித்தாள். அதன் மேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது.

செங்கம்மா குனிந்து மகளின் தலையைத் தடவினாள். "அழுவாத பாப்பா. உன்ன உட்டுட்டு எங்க போவப்போறேன்."

ஹரிதா தாளை மெதுவாக மடித்தாள். கவருக்குள் போட்டு அம்மாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"பீரோவுல வச்சிட்டு மொதல்லேர்ந்து எடும்மா. போன் கேமரா ஆன்ல இல்ல."