சுருட்டை விழுந்த குஞ்சு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. ஒரு கோழிக்குஞ்சு ஒரு மனுஷரை விமானம் ஏறவிடாமல் நிறுத்திய கதையைச் சொல்கிறேன்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டிய வீட்டுக் கொல்லை. ஏஜெண்டு சிங்காரவேலு வேப்பமர நிழலில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஷேக் பரீத்தின் பாஸ்போர்ட் அந்தக் கைக்கு வர வேண்டும்.

ஷேக் பரீத் வெளியே போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். பாஸ்போர்ட் சட்டைப் பையில்தான் இருந்தது. பாதி வெளியே எடுத்தும் விட்டார்.

குஞ்சைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்றாள் அவர் மனைவி ஜன்னத் பீவி.

அதுதான் அவர்களுக்குள் பேச்சு. குவைத் சண்டையில் வேலை போய், கையை வீசிக்கொண்டு ஊர் திரும்பியவர் அவர். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சட்டை வீட்டுக் கொடியில் காய்ந்த நாள் குறைச்சல். இப்போது சவுதிக்கு விசா வந்திருந்தது. இந்த அடையில் பொரிக்கிற குஞ்சுகளுக்குச் சுருட்டை விழுந்தால் ஊரோடு இருப்பது, விழாவிட்டால் கிளம்புவது.

சுருட்டை என்றால் சிலுப்பிக் கோழி. இறகெல்லாம் உடம்போடு படியாமல் வெளிப்பக்கம் சுருண்டுகொண்டு, எந்நேரமும் எதிர்காற்றில் நிற்பது போலவே இருக்கும். ஊருக்கு ஊர் பிராய்லர் கடை வந்து, நாட்டுக்கோழி வளர்த்தவர்கள் கூட்டைக் கவிழ்த்துப் போட்ட காலம் அது. ஆனாலும் கும்பகோணத்தில் பறவை விற்கிற இப்ராஹிம், அழகுக்கு வளர்க்க ஆட்கள் கேட்டு வருகிறார்கள், சிலுப்பி எத்தனை வந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

முதல் தடவை ஷேக் பரீத் ஒரு தப்புப் பண்ணினார். விதைநெல்லுக்கு நல்ல கதிராகப் பார்த்துப் பொறுக்குகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள். அதே நினைப்பில் சிலுப்பிச் சேவலையும் சிலுப்பிப் பெட்டையையும் சேர்த்துவிட்டார். பிறந்த குஞ்சுகளில் சிலதுக்கு இறகு வைக்கோல் மாதிரி முறிந்து விழுந்தது. வெற்று உடம்போடு நடுங்கிக்கொண்டு நின்றன. மற்றதுகளுக்கும் ஐப்பசி மழையைத் தாங்கத் தெம்பில்லை. சிலுப்பி மேல் தண்ணீர் வழிந்து ஓடாது, தோல் வரைக்கும் இறங்கிவிடும்.

இந்தத் தடவை ஜன்னத் பீவி தானே பொறுப்பெடுத்துக்கொண்டாள். சிலுப்பிப் பெட்டைக்கு இறகு படிந்த சாதாரணச் சேவலைச் சேர்த்தாள். கூட்டுக்கு மேலே கீற்று வேய்ந்தாள். அதுகளுக்கு ஏறிப் பறக்க வராதே என்று உட்காரும் கட்டையைத் தாழ்வாகப் போட்டாள்.

பஞ்சு மயிரோடு இருக்கும்போது எல்லாக் குஞ்சும் ஒன்றுதான். சிறகில் இறகு முளைத்து நீண்டு, அதன் நுனி வெளியே திரும்பினால்தான் சிலுப்பி என்று தெரியும்; அதற்குப் பொரித்துச் சில நாளாவது ஆக வேண்டும். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே ஷேக் பரீத்துதான்.

சிங்காரவேலு கெட்டவர் இல்லை. சொன்ன நாளுக்கு முன்னாலேயே டிக்கெட் வந்துவிட்டது, அந்த அவசரம் அவருக்கு. கோழிக்கு முடி சுருட்டிவிட்டுப் பிழைக்கிறதுக்கு நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சலூன் வைக்கலாமே பாய் என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, இன்றைக்குப் பாஸ்போர்ட் வராவிட்டால் விசா வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார்.

ஜன்னத் பீவி கூடைக்குள் கையை விட்டாள். தாய்க்கோழி கொத்தியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் அதன் சிறகை விரித்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"வேற ஆளைப் பாருங்கண்ணே. சுருட்டை விழுந்துட்டுது."

சிங்காரவேலு அவள் புருஷனைப் பார்த்தார்.

ஷேக் பரீத் கிட்டே வந்து அவள் கையில் இருந்த குஞ்சைக் குனிந்து பார்த்தார். களத்தில் நெல்லை நகத்தால் உரித்துப் பார்க்கிறவர் போல நிதானமாகப் பார்த்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆமாண்ணே, நல்லாவே விழுந்திருக்கு."

பாஸ்போர்ட் பைக்குள் திரும்பிப் போனது. கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே சிங்காரவேலு மொபெட்டை மிதித்தார்.

வண்டிச் சத்தம் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியது. ஷேக் பரீத் வெள்ளைச் சட்டையைக் கழற்றி, பையில் இருந்த பாஸ்போர்ட்டோடு அப்படியே கொடியில் போட்டார்.

கூடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோழிக்கு அடியில் கையை விட்டு, அன்று காலை பொரிந்த முட்டைகளின் ஓடுகளைப் பொறுக்கி வெளியே எடுத்தார். உள்தோலில் இன்னும் ஈரம் காயவில்லை.

அதன் பிறகு இறகு எந்தப் பக்கம் திரும்பியது என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் சட்டை இன்றைக்கும் அந்தக் கொடியில்தான் காய்கிறது.

உங்கள் வீட்டிலும் கூடையில் குஞ்சும் கொடியில் சட்டையும் என்றைக்கும் இருக்கட்டும் கண்ணுகளா.