மஞ்சள் சட்டை

"இந்த வருஷம் கடைசி வண்டி நான்தான்," என்று சொல்லிவிட்டு, டெஸ்மண்டின் பைக் மேல் கிடந்த மஞ்சள் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள் நோரீன்.

நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடை முன்னால் நான்கு பைக்குகள் வரிசையாக நின்றன. ராட்னியும் மால்கமும் பன்றிக்கறி வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே சிரித்தார்கள். "பாவம், போன வருஷ பயம் இன்னும் தெளியல," என்றான் மால்கம்.

கப்பலேறி பிரான்ஸ் போனதும் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும்; அங்கே எதிரே வருபவர்களுக்குக் கண் கூசாமலிருக்க ஹெட்லைட்டில் கறுப்புத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு நிமிர்ந்தான் டெஸ்மண்ட். விதிமுறை ஓதுவதென்றால் அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"ஞாபகம் இருக்குல்ல? ராட்னி முன்னால போவான். திருப்பம் வந்தா, அவனுக்கு அடுத்து வர்ற ஆள் அங்கயே நின்னு மத்தவங்களுக்குக் கை காட்டணும். கடைசியா வர்ற மஞ்சச் சட்டையைக் கண்ணால பார்க்கிற வரைக்கும் இடத்தை விட்டு அசையக் கூடாது. வானமே இடிஞ்சு விழுந்தாலும் சரி!"

"உன் பொண்டாட்டி மாதிரி!" என்றான் ராட்னி. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

போன வருஷம் ஒரு பிரெஞ்சு கிராமத்து முச்சந்தியில் நோரீன் அப்படித்தான் நின்றாள். அன்று மஞ்சள் சட்டை டெஸ்மண்டிடம் இருந்தது. அவன் குறுக்கு வழி ஒன்றைப் பிடித்துப் போய் நண்பர்களோடு சேர்ந்துகொண்டான். மூன்று பேரும் சாப்பாட்டுக் கடையில் சூப் குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

கொட்டுகிற மழையில், நனைந்து செத்துப்போன போனை வைத்துக்கொண்டு, அவள் மதியம் முழுக்கக் கையை நீட்டியபடி நின்றாள். ஒருவழியாக வந்த கணவன் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. "எங்க நிறுத்தினாலும் அங்கயே நிப்பா, என் தங்கம்!" என்று முதுகில் தட்டினான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கதையைச் சொல்லாத பப் ஊரில் இல்லை.

முதலில் அவளுக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. இப்போது எதுவுமே வருவதில்லை; பல் பிடுங்கிய பிறகு மரத்துக் கிடக்கும் கன்னம் மாதிரி மனசு சும்மா கிடந்தது. இன்னொரு முறை அப்படி நிற்கக் கூடாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"பூனையை அக்கா வீட்ல விட்டாச்சா?" என்று கேட்டான் டெஸ்மண்ட்.

"நேத்தே விட்டாச்சு. அதோட கம்பளி மெத்தையையும் கொடுத்துட்டேன்."

"ஜூன் மாசத்துல எதுக்குடி கம்பளி? பத்து நாள்ல திரும்பி வந்துடப் போறோம்!"

"அதுக்குக் குளிர் தாங்காது."

"நல்ல ஆளு போ. அக்கா வீடு வழியிலதான் இருக்குன்னு நடுவுல நிறுத்தி அதைக் கொஞ்சிட்டு இருக்காதே. கப்பல் உனக்காகக் காத்திருக்காது."

"சரி," என்றாள். ஹெல்மெட்டை மாட்டியதும் அவர்கள் சிரிப்பு அவள் காதில் அடங்கிப்போனது.

நான்கு பைக்குகளும் கிளம்பின. ராட்னி, டெஸ்மண்ட், மால்கம், எல்லாருக்கும் பின்னால் நோரீன். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் சாரல் விழ ஆரம்பித்தது. மேட்டின் மேல் ஏறியபோது, கீழே ரவுண்டானாவில் டெஸ்மண்ட் வண்டியை நிறுத்திவிட்டுக் கையை நீட்டியபடி நிற்பது தெரிந்தது. மால்கம் அவனைக் கடந்து போனான்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாவமாகவும் இல்லை, சந்தோஷமாகவும் இல்லை. இண்டிகேட்டரைப் போட்டாள்.

போன் அடித்தபோது சாரல் பெருமழையாகியிருந்தது.

"நோரீன்! எங்கதான் இருக்க? ராட்னியும் மால்கமும் கப்பல்ல ஏறிட்டாங்க. கதவை மூடப் போறாங்களாம்! நான் இன்னும் அதே முனையில தொப்பலா நனைஞ்சு நிக்கிறேன். வண்டி ஏதும் மக்கர் பண்ணுதா?"

"இல்லையே. நல்லாத்தான் ஓடிச்சு."

"அப்புறம் என்ன? இன்னும் எவ்வளவு நேரம்தான் நான் இங்க நிக்கிறது?"

அக்கா சூடான தேநீரை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். கழற்றிப் போட்ட மஞ்சள் சட்டையின் மேல் பூனை சுருண்டு படுத்திருந்தது. நோரீன் அதன் காதைத் தடவிக் கொடுத்தபடி சொன்னாள்.

"மஞ்சச் சட்டை வர்ற வரைக்கும் நில்லு, டெஸ்."