குலுங்காத வண்டி

டிஸ்பென்சரி ஜீப்பின் பழைய ஷாக் அப்சார்பர் நாலையும் கழற்றி மணலில் போட்டாகிவிட்டது. புதுசு இருந்த அட்டைப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, டிரைவர் பொனாயா எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

மெக்கானிக் முசெம்பி இந்த வேலைக்காகவே மார்சபிட் டவுனிலிருந்து மக்காச்சோள லாரியில் மூட்டை மேல் உட்கார்ந்து வந்தவன். முதலில் சிரித்தான், பிறகு கெஞ்சினான், கடைசியில் ஸ்பானரைக் கீழே போட்டான்.

“பெரியவரே, இதைப் பாருங்க. எண்ணெய் ஒழுகி எத்தனை காலமாச்சோ. ஷாக் இல்ல இது, வெறும் குழாய். இவ்வளவு உதை வாங்கியும் உங்க இடுப்புக்கு ஆசை தீரலையா?”

“அது உதைக்கலை. ரோடு பேசுது,” என்றார் பொனாயா. “நீ இதை மாட்டினா வாயை மூடிக்கும்.”

முசெம்பி டிஸ்பென்சரி வாசலைப் பார்த்துக் கண்ணடித்தான். கிழவருக்கு வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

வாசலில் நின்ற நர்ஸ் தலாசோவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏப்ரலில் பிரசவ வலியோடு இதே ஜீப்பில் ஏற்றிய ஒருத்தி, குலுக்கலில் ரத்தப்போக்கு கண்டு பாலைவெளியின் நடுவிலேயே போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு பத்து இடத்துக்குக் கடிதம் எழுதி, கெஞ்சி வாங்கியவைதான் அந்தப் பெட்டியில் இருந்த நாலும். இப்போது உள்ளே தார்மி படுத்திருந்தாள். தலைச்சன் பிள்ளை. நேற்று மாலையிலிருந்து வலி, குழந்தை இறங்கவில்லை. ஷாக் ஏறிய மறு நிமிஷம் குலால் மலையடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியாக வேண்டும். ஐந்து மணி நேரப் பாதை.

தலாசோவுக்கு அவர்மேல் முன்னமே நல்ல எண்ணம் கிடையாது. ஊரில் யாருக்கும் கிடையாது. எதிரே வருகிறவன் பகையாளியே ஆனாலும் கையைத் தூக்கி, ஒட்டகம் சுகமா, ஆடு சுகமா, மழை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் அங்கே நகர வேண்டும். பொனாயா யாருக்கும் முதலில் கை தூக்கியதில்லை. நாமாகக் குரல் கொடுத்தால் பேர் சொல்லிப் பதில் சொல்லுவார். இல்லாவிட்டால் மரத்தைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போவார்.

தலைக்கனம் என்று ஊர் முடிவுகட்டி நாலைந்து வருஷம் ஆகிறது. டீக்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் இன்னொருவன் உட்காருவதில்லை. ஒட்டகங்கள் வறட்சியில் செத்தன. அந்த வருஷமே தாய்வீட்டுக்குப் போன பெண்டாட்டி திரும்பவில்லை. அவரிடம் மிச்சம் இருந்தது அந்த ஜீப்பின் சாவி ஒன்றுதான்.

தலாசோவுக்கு அது தெரியும். தெரிந்துதான் அதைக் கேட்டாள்.

“எந்திரிக்க முடியாதுன்னா சாவியைக் குடுத்துட்டுப் போங்கண்ணே. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

பொனாயா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே தார்மி அலறினாள். அவர் பெட்டியை விட்டு எழுந்தார்.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. முசெம்பி பம்பர் மேல் ஏறிக் குதித்துக் காட்டினான். ஜீப் ஒரு தரம் அமுங்கி எழுந்து அப்படியே நின்றது. இனி இதில் பால் ஏற்றினால் நுரைகூடக் கட்டாது என்றான். பொனாயா அதற்கும் சிரிக்கவில்லை.

தார்மியைப் பின்னால் மெத்தையில் கிடத்தி, அவள் தலைமாட்டில் தலாசோ உட்கார்ந்தாள். முன்பக்கம் பொனாயா மட்டும்.

ஊரைத் தாண்டியதும் தடம் அலை அலையாக இறுகிக் கிடக்கும். பல்லெல்லாம் கடகடக்கும் இடம். இன்றைக்கு ஒரு முனகல் சத்தம், அவ்வளவுதான். காய்ந்த ஓடையில் இறங்கி ஏறியதே தலாசோவுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு பேர் சொல்லி முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுகிற மனுஷன் வாயைத் திறக்கவில்லை. கோபம்போல என்று நினைத்தாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு மணி நேரம் போனது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் தார்மி கண்ணயர்ந்தாள். அந்த ஜீப்பில் ஒரு நோயாளி தூங்கித் தலாசோ பார்த்ததே இல்லை. காலையில் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டோமோ என்றும் இருந்தது.

“பாத்தீங்களாண்ணே, தூங்கறா.”

அவர் சட்டையின் முதுகு முழுவதும் நனைந்து ஒட்டியிருந்தது. ஜீப் மெதுவாகிக்கொண்டே வந்து நின்றது.

தலாசோ நிமிர்ந்து பார்த்தாள். வெயில் பளீரென்று அடித்தது. தூசி இல்லை, மேகம் இல்லை. நேர் எதிரே இருக்க வேண்டிய குலால் மலை, வலதுபக்க ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு நீலமாக நின்றது. கீழே மண்ணில் ஒரு சக்கரத் தடம்கூட இல்லை. புது வழியா என்று கேட்க வாயெடுத்தாள்.

பொனாயா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, மலை எந்தப் பக்கம் இருக்கு?”