கண் வைக்காத படம்

முடிக்காமல் கிடக்கும் சோப்பு விளம்பரப் படத்தின் மேல் ஜன்னல் வெயில் விழுகிறது. வரைந்தவன் இறந்து பத்து நாளாகிறது. துக்கம் விசாரிக்க வந்த பால்ய நண்பர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். "ஸ்கூல்ல ஓவியத்துக்கு முதல் பரிசு நீங்கதானாமே அண்ணா? அவன் கைதான் கைன்னு இவரு வாய் ஓயாம சொல்லுவாரு" என்று ஓவியனின் மனைவி தூரிகையை நீட்டுகிறாள். "படத்துல இருக்கிற குழந்தைக்குக் கண்ணு மட்டும்தான் பாக்கி. நீங்களே வெச்சிடுங்களேன்." வாங்கிய தூரிகையை அவர் மடியில் வைத்துக்கொள்கிறார். அன்று நண்பன் வரைந்த படத்தில் தன் பெயரை எழுதிக் கொடுத்துப் பரிசு வாங்கியவர் அவர். நாற்பது வருடமாக அவன் காட்டிக்கொடுக்கவே இல்லை. "எனக்கு வரையவே தெரியாதும்மா. அந்தப் படத்தையும் அவன்தான் போட்டான்" என்கிறார், தலை நிமிராமல். அவள் ஈரக் கண்ணோடு சிரிக்கிறாள். "இப்படித்தான் அடக்கமாப் பேசுவீங்கன்னும் சொல்லியிருக்காரு." கறுப்பு மைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைக்கிறாள்.