பதினோரு பேர்

அரசு ஆன்லைன் பள்ளியின் அட்மிஷன் பட்டியலில் பதினோரு மாணவிகளுக்கு ஒரே முகவரி. ஒருத்திகூட கேமராவில் முகம் காட்டியதில்லை.

“நம்ம காதுல பூ சுத்துறாங்க மேடம். நேர்ல பார்த்துட்டு வந்து எல்லாப் பேரையும் லிஸ்ட்லேருந்து அடிச்சுடுறேன்” என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள் கிளார்க்.

அந்த வீட்டில் வெளிப்பக்கம் பெரிய பூட்டு தொங்கியது. உள்ளேயோ தையல் மிஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. குழப்பத்தோடு கதவைத் தட்டினாள்.

“யாரு உள்ளே? ஆன்லைன் ஸ்கூல்லேருந்து வந்திருக்கேன்.”

மிஷின்கள் சட்டென்று அடங்கின. கதவிடுக்கில் ஒரு சிறுமியின் குரல் கிசுகிசுத்தது.

“மெதுவாப் பேசுங்க மிஸ், பூட்டிட்டுப் போனவங்க வந்துடுவாங்க.”

கிளார்க் குரலைத் தாழ்த்தினாள். “பதினோரு பேருமா உள்ளே இருக்கீங்க?”

“செக்கிங் வந்தா படிக்கிறதா காட்டுறதுக்காக ஸ்கூல்ல சேர்த்தது பதினோரு பேரைத்தான் மிஸ். உள்ளே நாங்க நாற்பது பேர் இருக்கோம்.”